உடைகிற ஈயம், நசுங்குகிற ஈயம்: வலைக்குண்டு வார்ப்பவர்களுக்கு

போன மழைக்காலத்தில் முந்நூறு வலைக்குண்டு வார்த்தேன். வீச்சு வலையின் அடிக்கயிற்றில் ஒவ்வொன்றாக வைத்துக் குறடால் நெரித்தபோது, மூன்றுக்கு ஒன்று வாய் பிளந்து இரண்டு துண்டாகப் போயிற்று. அச்சில் குறை இல்லை, அடுப்பிலும் குறை இல்லை. உடைந்த துண்டுகளைக் கையில் அள்ளிக்கொண்டு, ஈயம் வாங்கிய தாராவி பழைய சாமான் கடைக்கே போனேன்.

"அண்ணாச்சி, உங்கள் ஈயம் உடைகிறதே?"

"தம்பி, ஈயம் எங்காவது உடையுமா?"

அவர் கேலியாகத்தான் கேட்டார், ஆனால் விடை அதிலேயே இருந்தது. ஈயம் உடையாது. உடைந்தால் அது ஈயம் மட்டும் அல்ல. மும்பைக் கடைகளில் 'சீசா' என்ற ஒரே சொல்லுக்குள் பழைய தண்ணீர்க் குழாய், எக்ஸ்ரே அறைச் சுவரிலிருந்து உரித்த தகடு, தொலைபேசிக் கம்பி உறை, கார்ச் சக்கரம் ஆடாமல் சுழல விளிம்பில் மாட்டும் சின்ன எடை, அச்சகத்து எழுத்து, பேட்டரித் தகடு எல்லாம் அடங்கிவிடும். ஒரே சாம்பல் நிறம், ஒரே கனம். பிரித்துச் சொல்ல நிறம் உதவாது, கடினத்தன்மைதான் உதவும். அதை வீட்டுக் கருவிகளால் எப்படிப் பார்ப்பது, எந்த அறிகுறிக்கு எங்கே தேடுவது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். துப்பாக்கிக் குண்டைத் தாங்களே வார்க்கும் வெளிநாட்டுக்காரர்களும் ஈயத்தை இதே முறைகளில்தான் சோதிக்கிறார்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். என் குண்டு வலைக்கும் தூண்டிலுக்கும் உரியது. அதற்கு மேல் எனக்கு வேலை இல்லை.

எண்களைப் பற்றி இரண்டு வரி. சுவீடன் நாட்டுப் பொறியாளர் யோஹான் பிரினெல் 1900இல் ஓர் அளவுமுறையை வெளியிட்டார். கெட்டியான உருண்டையை உலோகத்தின் மேல் அழுத்தி, விழுந்த பள்ளத்தை அளப்பது அவர் முறை. அந்தக் கணக்கில் சுத்த ஈயம் சுமார் 5. ஈயத்தைக் கெட்டியாக்கும் ஆன்டிமனி என்ற பொருள் கலந்த கார்ச் சக்கர எடை 9 முதல் 12 வரை. அச்சகங்களில் வரி வரியாக எழுத்து வார்த்த லைனோடைப் இயந்திரத்து அச்சு உலோகம் 20ஐத் தாண்டும். கயிற்றில் நெரிக்கும் வலைக்குண்டுக்கு 5, 6 வேண்டும். வொர்லி கடற்கரைப் பாறை இடுக்கில் உருளும் தூண்டில் அடிக்குண்டுக்கு 10 இருந்தாலும் நல்லதே. ஆகவே 'நல்ல ஈயம்' என்று ஒன்று தனியாக இல்லை. எந்த வேலைக்கு என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

நெரிக்கும்போது குண்டு பிளக்கிறது

இது எனக்கு வந்த நோய். பத்தில் ஒன்பது முறை காரணம் ஆன்டிமனி. உருக்குவதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்திருக்கலாம்.

கட்டியின் ஓரத்தில் நகத்தை அழுத்திக் கீறுங்கள். சுத்த ஈயத்தில் நகம் தெளிவான கோடு போடும். கலவையில் வழுக்கிக்கொண்டு போகும். சிமெண்டுத் தரையில் போட்டுப் பாருங்கள். மென்மையான ஈயம் நனைந்த துணி விழுந்ததைப் போலச் 'சொத்' என்று விழும். கடினமானது கொஞ்சம் மணி அடிக்கும். இவை இரண்டும் கடையிலேயே, அண்ணாச்சி முகம் சுளிப்பதற்குள் செய்யக்கூடியவை.

வீட்டுக்கு வந்தபின் பென்சில். ஓவியம் வரைபவர்கள் வாங்கும் 6பி முதல் 4எச் வரையிலான தொகுப்பு போதும்; பி எண் ஏற ஏற மென்மை, எச் எண் ஏற ஏறக் கடினம். ஒரே நிறுவனத்தின் தொகுப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒருவரின் 2பி இன்னொருவரின் 2பி ஆகாது. பென்சிலைக் கூராகச் சீவக் கூடாது. மரத்தை மட்டும் செதுக்கி, உள்ளே இருக்கும் கரிக்குச்சியை உருளை வடிவம் கெடாமல் ஓர் அரை சென்டிமீட்டர் வெளியே எடுங்கள். நுனியை உப்புத்தாளில் செங்குத்தாகப் பிடித்துத் தேய்த்தால் தட்டையாகி, சுற்றிலும் கூரான விளிம்பு வரும். அந்த விளிம்புதான் உளி.

ஈயத்தின் மேல்தோலை அரத்தால் ஒரு மில்லிமீட்டராவது எடுத்துவிட்டு, வழவழப்பாக்குங்கள். பென்சிலை 45 பாகை சாய்த்து, எழுதுவதைப் போல இழுக்காமல், முன்னோக்கித் தள்ளுங்கள். மென்மையான பென்சில் வழுக்கும். கடினமான பென்சில் ஈயத்தில் கடித்து நிற்கும். அந்தக் கடி விரல் நுனிக்குத் தெரியும். கண்ணை நம்பினால் ஏமாறுவீர்கள். கரி பட்ட கறுப்புக் கோடும் வெட்டுப்பட்ட கோடும் ஒன்றுபோலத் தெரியும். ஈரத் துணியால் துடைத்த பிறகும் வெள்ளி நிறத்தில் ஒரு பள்ளம் மினுங்கினால்தான் அது வெட்டு.

6பி, 5பி பென்சிலே கடித்துவிட்டால் சுத்த ஈயம், அல்லது அதற்கு வெகு அருகில். 2பி, பி வரை போய்த்தான் கடிக்கிறது என்றால் சக்கர எடை வகை. எச் தாண்டினால் அச்சு உலோகம். என் முந்நூறு குண்டுகளில் 3பி வழுக்கியது, 2பி கடித்தது. ஒரு பென்சில் தொகுப்பை முன்பே வாங்கியிருந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மிஞ்சியிருக்கும்.

தீர்வு: வீட்டில் ஆன்டிமனியைப் பிரித்தெடுக்க முடியாது, நீர்க்கச் செய்யத்தான் முடியும். நூற்றில் நான்கு பங்கு ஆன்டிமனி உள்ள ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ சுத்த ஈயம் சேர்த்தால் இரண்டு பங்காகும், இன்னும் இரண்டு கிலோ சேர்த்தால் ஒரு பங்கு. வலைக்குண்டுக்கு அது தாங்கும். சுத்த ஈயத்துக்கு எக்ஸ்ரே அறைத் தகடும் பழைய தண்ணீர்க் குழாயும் நல்லவை. குழாயின் மூட்டில் பற்றுவைத்த பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள், அதில் வெள்ளீயம் இருக்கும்.

அதே கட்டி நேற்று ஒன்று சொன்னது, இன்று வேறொன்று சொல்கிறது

பென்சிலைக் குறை சொல்லாதீர்கள். மாறியது ஈயம்தான்.

ஆன்டிமனியும் அதோடு துளி ஆர்செனிக்கும் உள்ள ஈயம், வார்த்த அன்றைக்கு இருக்கும் கடினத்தோடு நிற்பதில்லை. அடுத்தடுத்த நாட்களில் இறுகிக்கொண்டே போகும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய நிலைக்கு வந்திருக்கும். சூடாக அச்சிலிருந்து எடுத்த குண்டை நேரே தண்ணீர் வாளியில் போட்டிருந்தால் இந்த இறுகல் இன்னும் வேகமாகவும் அதிகமாகவும் நடக்கும். வார்த்த மாலையே நெரித்துப் பார்த்து 'அருமை' என்று பெருமைப்பட்டுக்கொண்ட குண்டு, அடுத்த மாதம் கயிற்றில் பிளப்பது இதனால்தான். சுத்த ஈயத்துக்கு இந்தப் பழக்கம் கிடையாது. வாளியில் போட்டாலும் போடாவிட்டாலும் அது 5தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. கலவை ஈயத்தைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கிவிட்டுச் சோதித்தால், இருப்பதைவிட மென்மையாகக் காட்டும். இரும்பு தட்டத் தட்ட இறுகும், இது தட்டத் தட்ட இளகும். ஆகவே சோதிக்கும் முகத்தைத் தட்டாதீர்கள், அரத்தால் சீவுங்கள். சோதனைக் கட்டியைத் தண்ணீரில் நனைக்காமல் காற்றில் ஆறவிட்டு, தேதியைக் கீறி வைத்து, பதினைந்து நாள் கழித்துப் பாருங்கள். அவசரம் என்றால் முதல் நாள் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அது கீழ் எல்லை, அவ்வளவே.

வாளியில் போட்டு இறுகிவிட்ட குண்டுகளை வீணாக்க வேண்டாம். திரும்ப உருக்கி, வார்த்து, துணி மேல் ஆறவிடுங்கள்.

பென்சில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளில் தடுமாறுகிறது

அப்போது உருண்டைச் சோதனை. எனக்கு இதுவே மிகப் பிடித்தது. விலை ஏதும் இல்லை என்பது ஒரு காரணம்.

சைக்கிள் கடையில் பின்சக்கரத்துக்குப் போடும் கால் அங்குல எஃகு உருண்டை ஒன்று கேளுங்கள். சுத்தம் என்று உறுதியாகத் தெரிந்த ஈயக்கட்டி ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது எக்ஸ்ரே தகட்டிலிருந்து வார்த்த தீப்பெட்டி அளவுக் கட்டி. அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். அந்தக் கட்டி ஒரு பக்கம், சந்தேகக் கட்டி மறுபக்கம், நடுவில் உருண்டை. மூன்றையும் பட்டறை வைஸில் வைத்து மெல்ல இறுக்கி, அரை நிமிடம் அப்படியே விடுங்கள். ஈயம் அழுத்தத்துக்கு மெதுவாக வழிந்துகொடுக்கும் உலோகம், உடனே எடுத்தால் பள்ளம் முழுதாக விழாது.

எத்தனை கிலோ அழுத்தினீர்கள் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இதன் அழகு. உருண்டை இரண்டு பக்கமும் ஒரே விசையோடுதான் அழுத்தும். ஆகவே இரண்டு பள்ளங்களின் அகலத்தை மட்டும் அளந்தால் போதும். சுத்த ஈயத்தில் 3 மில்லிமீட்டர், சந்தேகக் கட்டியில் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றை இரண்டால் வகுத்தால் ஒன்றரை. அதை அதாலேயே பெருக்கினால் இரண்டேகால். சுத்த ஈயத்தின் எண்ணான ஐந்தால் பெருக்கினால் 11 சொச்சம். சக்கர எடை என்று அதுவே சொல்லிவிட்டது.

பள்ளம் உருண்டையின் அகலத்தில் பாதியைத் தாண்டினால் இந்தக் குறுக்கு வழி தப்பாகத் தொடங்கும். கட்டி மெல்லியதாக இருந்து பின்பக்கம் புடைத்தாலும் அந்த அளவு செல்லாது. மூன்று இடங்களில் அழுத்திச் சராசரி எடுங்கள். என் கண்ணாடி போட்ட கண்ணுக்கு அரை மில்லிமீட்டருக்குக் கீழே தெரியாது. பள்ளத்தைக் கைபேசியில் படம் எடுத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, பெரிதாக்கித்தான் அளக்கிறேன்.

சட்டியில் ஈயம் கூழாகிறது, அச்சில் ஓட மறுக்கிறது

துத்தநாகம் கலந்திருக்கிறது. கடைத்தெருவில் 'ஜஸ்தா'. கார்ச் சக்கர எடைகள் முன்பு ஈயமாகவே இருந்தன. ஐரோப்பாவில் 2005இல் புதுக் கார்களுக்கு ஈய எடையைத் தடை செய்த பிறகு, துத்தநாகத்தாலும் இரும்பாலும் ஆனவை பெருகிவிட்டன. பழுது பார்க்கும் கடையில் வாளியோடு வாங்கினால் மூன்றும் கலந்தே வரும்.

உருக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் பாருங்கள். காந்தம் உடம்போடு ஒட்டினால் இரும்பு. கொக்கி மட்டும் ஒட்டினால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், எல்லா எடைக்கும் கொக்கி இரும்புதான். வெட்டுக் குறடால் கடித்தால் ஈயத்தில் பல் இறங்கும், துத்தநாகத்தில் இறங்காது. சிலவற்றில் வேதியியல் குறி வார்த்தே இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் கழிப்பறை கழுவும் அமிலத்தில் ஒரு துளி. துத்தநாகத்தின் மேல் நுரைத்துப் பொங்கும், ஈயத்தின் மேல் சும்மா கிடக்கும். வெளிக்காற்றில், கையுறையோடு செய்யுங்கள்.

இரண்டு மூன்று தப்பி உள்ளே போய்விட்டாலும் காப்பாற்ற ஒரு வழி உண்டு. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419 வரை உருகாது. சட்டியை 350ஐத் தாண்ட விடாமல் வைத்திருந்தால் துத்தநாக எடைகள் முழுசாக மேலே மிதக்கும். கரண்டியால் எடுத்துவிடலாம். அதற்கு வெப்பமானி வேண்டும். அனுமானத்தில் நெருப்பை ஏற்றுபவர்களுக்குத்தான் கூழ் கிடைக்கும். கூழானபின் மருந்து தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கட்டியாக ஊற்றி, 'துத்தநாகம்' என்று எழுதி, கடைக்கே விற்றுவிடுங்கள்.

குண்டின் முகம் சுருங்குகிறது, அல்லது பனி பூத்ததைப் போல வருகிறது

இது கடினத்தன்மைக் குறை அல்ல. சுருக்கம் என்றால் அச்சு குளிர்ந்திருக்கிறது, நாலைந்து குண்டுகளை ஊற்றித் திரும்பச் சட்டியில் போடுங்கள், சூடேறிவிடும். பனி என்றால் அச்சு அதிகம் சூடு, கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். மீனுக்கு இரண்டுமே ஒன்றுதான்.

சட்டி சீறித் தெறிக்கிறது

உடனே பின்வாங்குங்கள். இது மும்பை மழைக்காலத்தின் பரிசு. ஜூலையில் இங்கே தீப்பெட்டியே நமுத்துப்போகும்போது ஈயக்கட்டி மட்டும் காய்ந்திருக்குமா? குழாயின் உள்ளே, மடித்த தகட்டின் இடுக்கில் தங்கிய ஒரு துளி நீர், உருகிய ஈயத்துக்குக் கீழே போனால் ஒரே நொடியில் ஆவியாகி, மேலே இருக்கும் ஈயம் முழுவதையும் கூரைக்கு அனுப்பும். எனக்கு ஒரு முறை சட்டைக் கையில் ஓட்டை விழுந்தது. சட்டை நீளக்கையாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

உருகிய சட்டிக்குள் புதிய கட்டி எதையும் போடாதீர்கள். வெறும் சட்டியில் எல்லாவற்றையும் அடுக்கி, பிறகு அடுப்பைப் பற்ற வையுங்கள். ஈரம் ஈயம் உருகுவதற்கு முன்பே வெளியேறிவிடும். கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருந்தால் தனியாகச் சூடாக்கிக் காயவைத்துச் சேருங்கள். இரும்புச் சட்டிதான் வேண்டும், அலுமினியப் பாத்திரம் இந்தச் சூட்டில் வலு இழந்து அடி விட்டுவிடும். கண்ணாடி, தோல் கையுறை, மூடிய செருப்பு.

குடியிருப்புக் கட்டடத்தின் பால்கனியில் இதைச் செய்யவே கூடாது. நான் வசாயில் ஓர் உறவினரின் பட்டறைக் கொட்டகைக்கு, குழந்தைகள் பள்ளிக்குப் போன நேரத்தில்தான் போகிறேன். பலர் பயப்படுவது புகைக்கு. நியாயம்தான், ஆனால் சட்டியின் மேலே வழித்தெடுக்கும் சாம்பல் நிறத் தூளும் அரம் போட்ட பொடியும்தான் கையோடும் சட்டையோடும் வீட்டுக்கு வருபவை. குழந்தைகளின் உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. தூளை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். சோப்பு போட்டுக் கை கழுவும் வரை பீடியும் வேண்டாம், தேநீரும் வேண்டாம். குண்டைப் பல்லால் கடித்து நெரிக்கும் பழைய பழக்கத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

குண்டு பாறையில் பட்டு நசுங்குகிறது, துளை அடைகிறது

முதல் நோய்க்கு நேர் எதிர். பாந்திரா, வொர்லி பக்கம் அலையைத் தடுக்கப் போட்ட நாலுகால் கான்கிரீட் கட்டைகளுக்கும் பாறைகளுக்கும் நடுவே எறிபவர்களுக்கு வருவது. சுத்த ஈயக் குண்டு நாலு எறிதலில் உருக்குலைந்து, துளைக்குள் தங்கூசி நரம்பு சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் ஆன்டிமனி வேண்டும்.

நல்ல மூலம் பழைய அச்சு உலோகம். லைனோடைப் உலோகத்தில் பொதுவாக நூற்றுக்கு 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம், மீதி ஈயம். அதில் ஒரு கிலோவுக்கு மூன்று கிலோ சுத்த ஈயம் சேர்த்தால் 3 ஆன்டிமனி, 1 வெள்ளீயம் வரும். அடிக்குண்டுக்கு அளவெடுத்ததைப் போல இருக்கும். கையால் கோக்கும் தனி எழுத்துகள் இன்னும் கடினமானவை, கணக்கில் குறைத்துச் சேருங்கள். அப்படி வாங்கிய குவியல் ஒன்றில் ஒரு தமிழ் 'ழ' கிடைத்தது. எந்த அச்சகத்து எழுத்தோ, மும்பையில் யார் அதைக் கோத்தார்களோ. அது சட்டிக்குள் போகவில்லை, என் மேசைமேல் இருக்கிறது.

பேட்டரித் தகட்டைச் சேர்க்கலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். கூடாது. அமிலம் மட்டும் பிரச்சினை இல்லை. தகட்டில் ஆர்செனிக், ஆன்டிமனி, கால்சியம் எல்லாம் உண்டு. வழித்தெடுத்த கசடு ஈரம் பட்டால் ஆர்சின், ஸ்டிபின் என்ற கொடிய நச்சு வாயுக்கள் கிளம்பக்கூடும். மழைக்காலத்தில் ஈரத்துக்கா பஞ்சம்? பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

பென்சில் 'சுத்த ஈயம்' என்கிறது, ஆனால் குண்டின் எடை குறைகிறது

கடினச் சோதனையால் பிடிக்க முடியாத திருடன் இவன். சுத்த வெள்ளீயமும் பிரினெல் கணக்கில் ஈயத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். பென்சிலும் உருண்டையும் இரண்டையும் அண்ணன் தம்பி என்றே சொல்லும். நம் மொழியிலும் அதே குழப்பம்தான். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தைச் சேர்ந்தவை, வலையில் கட்டுவது காரீயம். பேச்சில் இரண்டும் 'ஈயம்'.

எடை போட்டால் தெரிந்துவிடும். ஒரு டப்பாவில் தண்ணீர் நிரப்பி எடைக்கருவியின் மேல் வைத்து, எண்ணைப் பூச்சியமாக்குங்கள். கட்டியை நூலில் கட்டி, அடியையும் ஓரத்தையும் தொடாமல் நீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். கருவி காட்டும் கிராம்தான் கட்டியின் கன அளவு. வெளியே போட்ட எடையை இதனால் வகுங்கள். 340 கிராம் கட்டி 30 காட்டினால் 11.3, அது ஈயம். சக்கர எடை 11ஐ ஒட்டி வரும், லைனோடைப் 10.3 அளவில். 7.3 என்று வந்தால் அது வெள்ளீயம். சமையலறை எடைக்கருவியை இதற்கு எடுக்காதீர்கள், தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வாங்கிய பையில் ஒரு கட்டி எனக்கு 7.6 காட்டியது. மெல்லிய ஓரத்தை வளைத்தபோது வெள்ளீயத்துக்கே உரிய அந்த நறநறப்பும் கேட்டது. வெள்ளீயத்தின் விலை ஈயத்தைப் போலப் பல மடங்கு, அண்ணாச்சி அதை ஈய விலைக்கே போட்டுக் கொடுத்திருந்தார். போய்ச் சொன்னேன். சிரித்துவிட்டு, முந்நூறு குண்டுக்கு அது சரியாகப் போயிற்று என்றார். எங்கள் தெருவில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் அதை விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. 7.3க்கும் 7.6க்கும் நடுவில் இருப்பது காரீயமாகத்தான் இருக்க வேண்டும், அது யார் வீட்டு ரசத்திலும் இறங்கக் கூடாது. கட்டியின் மேல் '7.6, சமையலுக்கு ஆகாது' என்று ஆணியால் கீறி, பற்றவைக்கும் சாமான்களோடு போட்டு வைத்திருக்கிறேன்.